பெயர் மறந்தாலும் கோலம் மறக்காது

கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியதும் அத்திப்பட்டு புதுநகர், அத்திப்பட்டு என்று அடுத்தடுத்து இரண்டு நிலையங்கள் வரும். அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள், காமராஜர் துறைமுகத்துக்கு வரிசைகட்டிப் போகும் கன்டெய்னர் லாரிகள், உப்பளங்கள், கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தை நம்பி வாழும் மீனவர் குப்பங்கள்... இதுதான் அந்தப் பகுதி. இப்படிப்பட்ட ஓர் ஊரில் உட்கார்ந்துகொண்டு, 'ஓவியம் வரைந்தால், பாட்டுப் பாடினால் மறதிநோய் உள்ளவர்களுக்கு நல்லது' என்று பேசினால், 'அதெல்லாம் வசதியானவர்கள் சமாசாரம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால், இந்த விஷயம் அவசரமாகத் தேவைப்படுவதே இப்படிப்பட்ட ஊர்களுக்குத்தான்.

1990-களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபோது முப்பது, நாற்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இன்று அறுபதையும் எழுபதையும் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு உப்பளத்தில் உழைத்தவர்களுக்கும், கடலுக்குப் போனவர்களுக்கும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் வயதாகிறது. 'டிமென்ஷியா' எனப்படும் மறதிநோய் எட்டிப் பார்க்கும் வயது இது.

சாப்பிட்டுக் கை கழுவி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. "இன்னும் எனக்குச் சோறு போடலையா?" என்று கேட்பார். நடு ராத்திரியில் எழுந்து, "நைட் ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் பார்ப்பார். பெற்ற மகளையே "நீ யாரும்மா?" என்பார். இந்த நோய் புகுந்த வீடுகளில் அன்றாடம் நடப்பவை இவை. 2023-ல் வெளியான ஒரு தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருக்கலாம் என்று கணக்கிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுக்க 5.7 கோடி பேர். இவர்களில் 60 முதல் 70 சதவிகிதம் பேருக்கு இருப்பது அல்சைமர் வகை.

முதலில் டாக்டர், பிறகுதான் தூரிகை

'வயசானா மறதி வராதா என்ன?' என்று விட்டுவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் முதல் தவறு. மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று மறப்பது வயதின் இயல்பு. மூக்குக்கண்ணாடி எதற்கு என்பதே மறந்துபோவது நோய். நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது, கடையில் சில்லறை எண்ணத் தெரியாமல் தடுமாறுவது, தினமும் வைத்த குழம்புக்கு என்னென்ன போட வேண்டும் என்று திகைப்பது... இவையெல்லாம் டாக்டரிடம் போகச் சொல்லும் அறிகுறிகள்.

எல்லா மறதியும் மறதிநோய் இல்லை. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு, சிறுநீர்த் தொற்று, சில மாத்திரைகளின் பக்கவிளைவு, கீழே விழுந்து தலையில் அடிபட்டதால் ஏற்பட்ட ரத்தக்கசிவு ஆகியவற்றாலும் குழப்பமும் மறதியும் வரும். இவற்றில் பலவற்றைச் சிகிச்சையால் சரிசெய்துவிட முடியும். எனவே, பரிசோதனை செய்து நோய் இன்னதென்று உறுதிப்படுத்துவது முதல் படி. கலை அதற்கு அடுத்த படி.

மூளையில் எது போகிறது... எது நிற்கிறது?

மூளையில் 'ஹிப்போகேம்பஸ்' என்று ஒரு பகுதி இருக்கிறது. இன்று காலை நடந்ததை, சற்றுமுன் கேட்டதை எல்லாம் நினைவாகப் பதியவைக்கும் இடம் அதுதான். அல்சைமர் நோய் ஆரம்பத்திலேயே கை வைப்பது அந்த இடத்தில். அதனால்தான் ஐம்பது வருடத்துக்கு முந்தைய கல்யாணச் சாப்பாடு நினைவிருக்கும். இன்று காலை சாப்பிட்ட இட்லி நினைவிருக்காது.

ஆனால், சைக்கிள் ஓட்டுவது, பூத்தொடுப்பது, கோலம் போடுவது, வலை பின்னுவது போன்ற 'கைப்பழக்க' நினைவுகள் வேறு பகுதிகளில் தங்குகின்றன. அவை பெரும்பாலும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். நெடுங்காலம் கேட்டுப் பழகிய பாடல்களும் அப்படித்தான். பேச வார்த்தை கிடைக்காமல் திண்டாடும் ஒருவர், பழைய சினிமாப் பாட்டின் முதல் வரியைக் கேட்டதும் அடுத்த வரியைப் பாடிவிடுவதைப் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. மகளின் பெயர் நினைவுக்கு வராத அம்மாவிடம் கோலமாவுக் கிண்ணத்தைக் கொடுத்தால், புள்ளி வைத்து இழை இழுத்துவிடுவதும் இதனால்தான்.

இன்னொன்றும் நிற்கிறது. அதுதான் உணர்ச்சி. அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அல்சைமர் உள்ளவர்களுக்குச் சோகமான படக்காட்சிகளையும் சந்தோஷமான படக்காட்சிகளையும் காட்டினார்கள். சில நிமிடங்களிலேயே, பார்த்தது என்ன என்பது அவர்களில் பலருக்கு மறந்துவிட்டது. ஆனால், அந்தச் சோகமும் சந்தோஷமும் மறதிக்குப் பிறகும் அவர்களிடம் தங்கியிருந்தன.

'எதைச் செய்தாலும் அஞ்சு நிமிஷத்துல மறந்துடப் போறார், அப்புறம் எதுக்கு இதெல்லாம்?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். காலையில் பேரனோடு உட்கார்ந்து வண்ணம் தீட்டியது மறந்துபோகலாம். அந்த நேரம் தந்த மகிழ்ச்சி, கொஞ்ச நேரமாவது அவருக்குள் இருக்கும். திட்டு வாங்கியதும் அப்படியே. எதற்குத் திட்டினார்கள் என்பது மறந்துவிடும், மனசின் வலி இருக்கும்.

அண்ணா நகரில் தமிழ் பேசிய பயிற்சி

சென்னையில் இந்தத் துறையில் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டிய வேலை ஒன்று நடந்திருக்கிறது. இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று போற்றப்படும் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' அமைப்பு அண்ணா நகரில் இயங்குகிறது. மனச்சிதைவு நோய்க்காக ஆரம்பிக்கப்பட்ட இந்த அமைப்பு, பிறகு முதியவர்களின் மறதிநோய்ப் பராமரிப்பிலும் இறங்கியது.

பிரிட்டனில் ஏமி ஸ்பெக்டர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 'அறிவுத் தூண்டல் சிகிச்சை' என்ற முறையை உருவாக்கியிருந்தார்கள். ஐந்து முதல் எட்டுப் பேர் வரை ஒரு குழு. வாரத்துக்கு இரண்டு முறை, ஏழு வாரங்கள், மொத்தம் 14 அமர்வுகள். ஒவ்வொன்றும் சுமார் முக்கால் மணி நேரம். ஒரு நாள் விளையாட்டு, ஒரு நாள் பாட்டும் ஓசையும், ஒரு நாள் சின்ன வயது நினைவுகள், ஒரு நாள் சாப்பாடு, ஒரு நாள் கையால் ஏதாவது செய்வது என்று போகும். குழுவுக்கு அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொள்வார்கள். தங்களுக்கென்று ஒரு பாட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்வார்கள். 201 பேரிடம் நடத்தி 2003-ல் வெளியிடப்பட்ட ஆய்வில், இதில் பங்கேற்றவர்களின் சிந்தனைத் திறனிலும் வாழ்க்கைத் தரத்திலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆரம்ப, நடுநிலைக் கட்ட நோயாளிகளுக்கு இந்த முறையை பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பே பரிந்துரைக்கிறது.

ஸ்கார்ஃப் குழுவினர் இதை நம் ஊருக்கு ஏற்ற மாதிரி மாற்றி, சென்னையில் நடத்திப் பார்த்தார்கள். அந்த முன்னோட்ட ஆய்வின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. பிறகு பிரேசில், தான்சானியா ஆகிய நாடுகளோடு சேர்ந்து இந்தியாவிலும் இந்த முறையைப் பரவலாக்கும் ஒரு பன்னாட்டு ஆய்விலும் சென்னை இடம்பெற்றது.

இந்தப் பயிற்சியின் அடிப்படை விதியை எந்த வீட்டிலும் பின்பற்றலாம். 'சரியா, தப்பா' என்று கேட்காமல், 'உங்களுக்கு என்ன தோணுது?' என்று கேட்பதுதான் அது. "இது யார்னு சொல்லுங்க பார்ப்போம்" என்பது பரீட்சை. பதில் தெரியாதவர் கூனிக் குறுகிப்போவார். "இந்தப் புடவை கலர் நல்லாருக்கா, அந்தக் கலர் நல்லாருக்கா?" என்பது உரையாடல். இதில் தோற்க வழியே இல்லை.

உலகம் செய்து பார்த்தது

'கலைவழிச் சிகிச்சை' என்ற பெயரை 1942-ல் முதலில் பயன்படுத்தியவர் ஏட்ரியன் ஹில் என்ற பிரிட்டிஷ் ஓவியர். காசநோய்க்காக மருத்துவமனையில் படுத்திருந்தபோது, படம் வரைவது தனக்குத் தெம்பு தருவதை உணர்ந்து, மற்ற நோயாளிகளையும் வரையவைத்தார்.

1990-களில் அமெரிக்காவில் ஆன் பாஸ்டிங் என்ற நாடகத்துறைப் பேராசிரியர், முதியோர் இல்லத்தில் பழைய நினைவுகளைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். யாரும் வாய் திறக்கவில்லை. ஒரு நாள் பத்திரிகையில் இருந்து ஒரு படத்தைக் கிழித்து எடுத்துப்போய், 'இவருக்கு என்ன பேர் வைக்கலாம்? ஒரு கதை சொல்லுவோமா?' என்று கேட்டார். அதுவரை மௌனமாக இருந்தவர்கள் ஆளுக்கொரு வரி சொல்ல, கதை வளர்ந்தது, சிரிப்பு வந்தது. நினைவு இல்லாத இடத்தில் கற்பனை இருந்தது! இந்த முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம், மறதிநோய் உள்ளவர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் சேர்ந்து ஓவியங்களைப் பார்த்துப் பேசுவதற்கென்றே 2006-ல் ஒரு திட்டம் தொடங்கியது.

லண்டனில் வாழ்ந்த வில்லியம் அட்டர்மோலன் என்ற ஓவியருக்கு 1995-ல் அல்சைமர் இருப்பது தெரிந்தது. அதன் பிறகு சில ஆண்டுகள் அவர் தன் முகத்தைத் தானே வரைந்துகொண்டே இருந்தார். ஆரம்பப் படங்களில் தெளிவாக இருக்கும் முகம், போகப் போகக் கலங்கி, சிதைந்து, கடைசியில் வெறும் கோடுகளாகிறது. ஓவியம் அவருடைய நோயை நிறுத்தவில்லை. ஆனால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை வார்த்தைகளால் சொல்ல முடியாத நிலையில், அவரால் சொல்ல முடிந்த மொழியாக அதுதான் இருந்தது.

நினைவு திரும்புமா?

குடும்பங்கள் ஆசையோடு கேட்கும் கேள்வி இது. நேர்மையான பதில்: திரும்பாது. படம் வரைந்தால் அல்சைமர் குணமாகும் என்று யாராவது பணம் கேட்டால், கொடுக்காதீர்கள்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் 'காக்ரேன்' அமைப்பு 2018-ல் ஓவியச் சிகிச்சையைப் பற்றிய ஆய்வுகளைத் தேடியது. தரமான ஆய்வுகளாக அதற்குக் கிடைத்தவை இரண்டே இரண்டு, அவையும் சிறியவை. 'பலன் உண்டு என்றோ, இல்லை என்றோ உறுதியாகச் சொல்ல முடியாது' என்பதுதான் முடிவு. அதே ஆண்டு இசையைப் பற்றி 22 ஆய்வுகளை அது அலசியது. குறைந்தது ஐந்து அமர்வுகளாவது இசையில் ஈடுபட்டவர்களுக்கு மனச்சோர்வு குறைய வாய்ப்பு உண்டு, நினைவாற்றலில் பெரிய மாற்றம் இல்லை என்று தெரிந்தது.

'அப்புறம் என்னதான் லாபம்?' என்று கேட்கலாம். இந்த நோயில் மறதியைவிடக் குடும்பத்தை அதிகம் வாட்டுவது பதற்றம், கோபம், அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது ஆகியவைதான். மனச்சோர்வு கொஞ்சம் குறைந்தாலே வீட்டின் நிலைமை மாறும். 'எனக்கு ஒண்ணும் தெரியல' என்று சுருங்கிப்போனவர், 'இது நான் செஞ்சது' என்று நிமிர்ந்து உட்காரும் பத்து நிமிடம், மாத்திரைச் சீட்டில் எழுதித் தர முடியாதது.

அத்திப்பட்டு வீட்டில் என்ன செய்யலாம்?

அத்திப்பட்டிலிருந்து ரயிலில் சென்ட்ரல் வந்து, அங்கிருந்து மாறி அண்ணா நகர் போய், வாரம் இருமுறை பயிற்சியில் உட்கார்வது எல்லோராலும் ஆகிற காரியம் இல்லை. அதுவும் கூட்டத்தைக் கண்டு மிரளும் ஒருவரை அழைத்துக்கொண்டு! பயிற்சி பெற்ற நிபுணர் தரும் சிகிச்சையும் வீட்டில் செய்வதும் ஒன்றாகிவிடாது என்றாலும், வீட்டில் செய்ய நிறையவே இருக்கிறது. செலவும் அதிகமில்லை.

*கோலம்:* வாசலில் குனிய முடியாவிட்டால் மேஜை மீது ஒரு கறுப்பு அட்டையும் சாக்பீஸும் போதும். புள்ளிகளை நீங்கள் வைத்துக் கொடுங்கள். இழுப்பது அவர் வேலை. கோணலாக இருந்தால் இருக்கட்டும்.

*உப்பும் மணலும்:* ஒரு தாம்பாளத்தில் கல்லுப்பையோ மணலையோ பரப்பி, விரலால் வரையச் சொல்லலாம். உப்பளத்தில் வேலை பார்த்தவர் என்றால் உப்பின் தொடு உணர்வே பேச்சை இழுத்துவரும். பாத்தி கட்டியது, வெயிலில் உப்பு வாரியது என்று ஏதாவது ஒன்று வெளிவரலாம். ஆனால், அருகிலேயே இருங்கள். உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும் அபாயம் உண்டு.

*வலையும் நூலும்:* கடலுக்குப் போனவரின் கையில் ஒரு கிழிந்த வலைத் துண்டைக் கொடுத்துப் பாருங்கள். முடிச்சுப் போட விரல்களுக்குத் தெரியும். பெண்களுக்குப் பூத்தொடுப்பது, கூடை பின்னுவது.

*பாட்டுப் பெட்டி:* அவருடைய பதினைந்து முதல் இருபத்தைந்து வயது வரை என்னென்ன பாட்டு வந்தன என்று கணக்குப் போடுங்கள். அந்தப் பாடல்களில் இருபதைச் செல்போனில் சேர்த்துவையுங்கள். எம்.ஜி.ஆர். பாட்டோ, சிவாஜி பாட்டோ, கானாவோ, திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலில் கேட்டதோ, மாதா கோயில் பாட்டோ, நாகூர் ஹனிபாவோ, அவருக்குப் பிடித்ததாக இருக்க வேண்டும். உங்களுக்குப் பிடித்தது எது என்பது இங்கே முக்கியமில்லை.

*படக்கதை:* காலண்டர் படத்தையோ பத்திரிகைப் படத்தையோ காட்டி, "இந்தப் பையன் எங்க ஓடறான் தாத்தா?" என்று பேரப்பிள்ளைகள் கேட்கட்டும். தாத்தா சொல்வதைப் பிள்ளைகள் நோட்டில் எழுதி, திரும்ப அவருக்கே வாசித்துக் காட்டட்டும். எட்டாவது படிக்கும் பேத்தியாலும் செய்ய முடிந்த சிகிச்சை இது.

*வாழ்க்கை நோட்டு:* பழைய போட்டோ, ரேஷன் கார்டு நகல், கம்பெனி அடையாள அட்டை, ரயில் சீசன் டிக்கெட் என்று கிடைப்பதை ஒட்டி, ஒரு வரி எழுதிவைத்த நோட்டுப்புத்தகம். நோய் முற்றிய பிறகு, புதிதாகப் பார்த்துக்கொள்ள வருபவருக்கு 'இவர் யார்' என்று சொல்ல இந்த நோட்டு உதவும்.

நள்ளிரவில் "ஷிஃப்ட்டுக்கு நேரமாச்சு" என்று கிளம்புபவரிடமும் இதே மனநிலை கைகொடுக்கும். "நீ ரிட்டயர் ஆகிப் பத்து வருஷம் ஆச்சுப்பா" என்று சொன்னால் சண்டைதான் வரும். "பாய்லர் பக்கம் ரொம்பச் சூடா இருக்குமாப்பா? கூட யார் யார் வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டே உட்காரவைத்தால், பேச்சு வளர வளரப் பதற்றம் தணியும். அவர் தேடியது வேலையை மட்டுமில்லை. தான் தேவைப்பட்ட ஒரு காலத்தையும்தான்.

இவற்றைக் கவனியுங்கள்

* காலை நேரமே நல்லது. பொழுது சாயும் நேரத்தில் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும்.
* இருபது நிமிடம், அரை மணி போதும். எழுந்து போனால் விட்டுவிடுங்கள். மல்லுக்கட்டாதீர்கள்.
* டிவியை அணைத்துவிடுங்கள். கண்ணாடி, காதுகேட்கும் கருவி இருந்தால் மாட்டிவிடுங்கள்.
* ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு பொருள், இரண்டு மூன்று நிறங்கள்.
* தண்ணீரில் கரையும், நச்சில்லாத வண்ணங்களை மட்டும் வாங்குங்கள். டர்பென்டைன், கத்தி, ஊசி, சிறு மணிகள் வேண்டாம்.
* குழந்தைகளுக்கான பொம்மைப் புத்தகத்தைக் கொடுத்து வண்ணம் அடிக்கச் சொல்லாதீர்கள். குடும்பத்தைத் தாங்கியவர் அவர். அந்த மரியாதை குறையக் கூடாது.
* ஒரு பாட்டைக் கேட்டு அழுதால் பயப்பட வேண்டாம், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து கலங்கினால் அந்தப் பாட்டை விட்டுவிடுங்கள்.

பார்த்துக்கொள்பவருக்கும் ஒரு மூச்சு

நம் வீடுகளில் இந்தச் சுமை பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோரின் தலையில்தான் விழுகிறது. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, கழுவுவது, கதவைக் காவல் காப்பது என்று ஓடும் நாளில், நோயாளியும் அவரும் சேர்ந்து சிரிக்கும் நேரம் என்று ஒன்று இருப்பதே இல்லை. ஒரு பாட்டை இருவரும் சேர்ந்து முணுமுணுக்கும் ஐந்து நிமிடத்தில் அவர்கள் மறுபடியும் கணவன் மனைவியாக, அம்மா மகளாக ஆகிறார்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது அந்த அரை மணியை ஏற்றுக்கொண்டால், பார்த்துக்கொள்பவர் கொஞ்சம் கால் நீட்டிப் படுக்கலாம். வெளியூரில் இருக்கும் மகனும் வீடியோ கால் போட்டு, 'எப்படிம்மா இருக்க, என்னைத் தெரியுதா?' என்று பரீட்சை வைக்காமல், ஒரு பாட்டைப் பாடலாம்.

எங்கே போவது?

வடசென்னைக்காரர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணிலும், மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பார்த்துக்கொள்பவர்களும் இந்த எண்ணில் மனம்விட்டுப் பேசலாம்.

2024-ல் 'லான்செட்' குழு வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைக் கட்டுப்படுத்தினால் உலகில் ஏறக்குறைய 45 சதவிகித மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, காதுகேளாமை, தனிமை ஆகியவற்றோடு காற்று மாசும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. நிலக்கரிப் புகைக்கும் சாம்பலுக்கும் நடுவில் வாழும் அத்திப்பட்டு, எண்ணூர் மக்கள் இதைக் கேள்வியாக எழுப்ப உரிமை உள்ளவர்கள். காற்றைச் சுத்தமாக்குவது ஒரு குடும்பத்தால் ஆகிற காரியம் இல்லை, அரசும் ஆலைகளும் செய்ய வேண்டியது.

குடும்பத்தால் ஆகக்கூடியதும் ஒன்று உண்டு. அங்கன்வாடிக் கூடமோ, கோயில் மண்டபமோ, சர்ச் ஹாலோ, குப்பத்துச் சமுதாயக் கூடமோ, வாரத்தில் ஒரு காலை ஒரு மணி நேரம் திறந்துகொடுத்தால் போதும். அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் நாலைந்து பேர், அவரவர் வீட்டிலிருந்து ஒருவர், கொஞ்சம் கோலமாவு, ஒரு செல்போன், கூடவே டீ. உங்கள் தெருவில் அப்படி எத்தனை வீடு இருக்கிறது என்று இந்த ஞாயிற்றுக்கிழமை விசாரித்துப் பாருங்கள்.